பத்து நாளில் சிஎன்சி டிசைனர்: வகுப்பில் விட்டுப்போகும் பாடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதவு, பூஜையறை, பெயர்ப்பலகை வேலைகளுக்கான சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினிக் கோப்பின்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம், இப்போது சிறிய ஊர்களின் மரப்பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. கூடவே ‘பத்தே நாளில் சிஎன்சி டிசைனர் ஆகலாம்’ என்ற விளம்பரங்களும் வந்துவிட்டன. பணம் கட்டிச் சேர்ந்தால் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். பென்டிரைவில் ஆயிரக்கணக்கான ரெடிமேட் ரிலீஃப் (புடைப்புச் சிற்பம்) கோப்புகள் இருக்கும். அதிலிருந்து ஒரு பிள்ளையாரையோ மயிலையோ எடுத்துக் கதவுக்குள் வைத்து, நாலு பொத்தானை அழுத்தி, கோப்பை வெளியே எடுக்கச் சொல்லித் தருகிறார்கள். படித்து வெளியே வந்தவரிடம் ஒருவர் ‘தேன்மொழி இல்லம்’ என்று ஒரு தேக்குப் பலகையில் வெட்டித் தரச் சொன்னால் கை அங்கேயே நின்றுவிடும்.

பாடத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே எங்கள் குறை. 3டி கடைசியில் வர வேண்டியது. முதலில் கோடு, பிறகு எழுத்து, பிறகு பிட், அதாவது சுழன்று மரத்தை வெட்டும் முனை. இதை அந்த ஒரு பலகையை வைத்தே சொல்லிவிடலாம். அளவு 600 × 200 மி.மீ., கனம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வாடிக்கையாளர் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் இருக்கும். அதை அப்படியே டிசைன் மென்பொருளின் உரைப் பெட்டியில் ஒட்டினால், தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘மொ’ உடையும். கொம்பு ‘ம’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே உட்காரும். ‘தே’யும் அப்படியே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தப்பிக்கலாம். பல கடைகளில் இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கோப்பைத் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் நிற்கும்.

நேரான வழி, தமிழை ஒழுங்காகக் கோக்கும் மென்பொருளில் எழுதி, அங்கேயே கோடாக மாற்றி, பிறகு கொண்டுவருவது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அதுவே போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி ஆகியவை இலவச எழுத்துருக்கள். இவற்றில் பாலூ தம்பி தடித்தது, மூலைகள் உருண்டவை. பக்கம் நேராக உள்ள சாதாரண பிட்டுக்கு (எண்ட்மில்) உள்மூலையைக் கூராக வெட்ட வராது என்பதால் அதற்கு இந்த உருட்டல் ஒத்துப்போகிறது. எழுதி முடித்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் உரை பாதையாக, அதாவது கோடாக, மாறும். பிறகு குழுவைப் பிரிக்க வேண்டும். அடுத்துதான் பலர் தவறவிடும் படி வருகிறது: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யூனியன் (வடிவங்களை ஒன்றாக இணைக்கும் கட்டளை) கொடுப்பது. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் உயிர்மெய்க் குறி எழுத்தின் உடலோடு ஒட்டியிருப்பதுபோல் திரையில் தெரியும். உள்ளே இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். யூனியன் கொடுக்காமல் அனுப்பினால் பிட் அந்த மறைந்த கோட்டின் மீதும் ஓடி, ‘ழி’யின் நடுவே ஒரு வெட்டு விழும். திரையில் கறுப்பு நிரப்பலை எடுத்துவிட்டு வெறும் வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் இது சட்டென்று தெரிந்துவிடும்.

கோப்பை எஸ்விஜி என்ற கோப்பு வடிவில் கொண்டுபோவது நல்லது. வளைவு வளைவாகவே போகும். டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வடிவில் எடுக்கும்போது சில மென்பொருள்கள் வளைவைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக நறுக்கிவிடும். அளவு பிசகுவதும் இங்கேதான். இங்க்ஸ்கேப் 2017-இல் 0.92 பதிப்பிலிருந்து அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக்கியது. பழைய கோப்பில் 600 மி.மீ. இருந்தது புதியதில் 562.5 மி.மீ. ஆகக்கூடும். 72 புள்ளிக் கணக்கில் வந்த கோப்பு என்றால் 450 மி.மீ. ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து கூடவே அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் அளந்து பார்த்தால் விஷயம் முடிந்தது. அரை நிமிட வேலை. வகுப்புகளில் ஏன் இதைச் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

எழுத்தை வரையாமல், படத்தின் ஓரங்களைப் பார்த்து மென்பொருளையே கோடு போடவைக்கும் ‘டிரேஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை டிரேஸ் செய்தால், நாற்பது நோட் (கோட்டின் வளைவைப் பிடித்திருக்கும் புள்ளி) போதும் என்கிற எழுத்துக்கு நானூறு நோட் விழும். இயந்திரம் ஒவ்வொரு குட்டிக் கோட்டிலும் வேகத்தைக் குறைத்துக் கூட்டி நடுங்கும். வெட்டின் ஓரம் ரம்பப் பல்லாகும். ஆபரேட்டர் பெல்ட்டையும் பேரிங்கையும் சந்தேகப்பட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார். கோளாறு கோட்டில் இருக்கும். மூடாத கோடும் இரட்டைக் கோடும் இதன் உறவினர்கள். மூடாத கோட்டுக்கு உள்ளே வெளியே கிடையாது என்பதால் பாக்கெட் (உள்பரப்பைக் குடைந்தெடுப்பது) விழாது. இரட்டைக் கோட்டில் பிட் ஒரே பாதையில் இரண்டு முறை போய் மரத்தைக் கருக்கும்.

இனி வி-பிட், அதாவது முனை V வடிவில் கூம்பிய பிட். பெயர்ப்பலகை வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது; இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். இதனால் செதுக்கும் வி-கார்விங்கில் ஆழத்தை நாம் கொடுப்பதில்லை. எழுத்தின் அகலம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 90 டிகிரி பிட் என்றால் கோட்டின் அகலத்தில் பாதி ஆழம். 60 டிகிரி என்றால் அகலத்தில் 0.87 மடங்கு. கோடு 10 மி.மீ. அகலம் என்றால் முதலாவது 5 மி.மீ. இறங்கும், இரண்டாவது 8.7 மி.மீ. இறங்கும். ‘ழ’வின் வால் உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு கோடுகள் கூடுவதால், உள்ளே 16 மி.மீ. வட்டம் ஒன்று அடங்கும் அளவுக்கு இடம் அகன்றுவிட்டால், 60 டிகிரி பிட் கிட்டத்தட்ட 14 மி.மீ. இறங்கும். 20 மி.மீ. தேக்கு தாங்கும். இதே கோப்பை 12 மி.மீ. பலகைக்குக் கொண்டுபோனால் ‘ழ’வின் அடியில் ஓட்டை விழும். அகலமான எழுத்துக்கு 90 டிகிரி பிட்டை எடுக்கலாம், அல்லது ஆழத்துக்கு ஒரு எல்லை கொடுத்து, தட்டையான அடிப்பகுதியை முதலில் எண்ட்மில்லால் எடுத்துவிட்டு ஓரங்களுக்கு மட்டும் வி-பிட்டை விடலாம்.

பிட்டின் கோணத்தை மென்பொருளில் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கையில் இருப்பது 60 டிகிரி, திரையில் 90 என்று கொடுத்தாயிற்று. 10 மி.மீ. கோட்டுக்கு 5 மி.மீ. இறங்கும்; ஆனால் 60 டிகிரி பிட் அந்த ஆழத்தில் 5.8 மி.மீ. அகலம்தான் வெட்டும். எழுத்து மெலிந்து போகும். இதையே மாற்றிச் செய்தால் கோடு 17 மி.மீ.க்கு ஊதி, பக்கத்து எழுத்தையும் தின்றுவிடும். பலகை மட்டமாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். ஒரு முனை அரை மி.மீ. தூக்கியிருந்தால் 90 டிகிரியில் கோடு அந்தப் பக்கம் 1 மி.மீ. தடிக்கும். ‘தேன்மொழி’ மெலிந்தும் ‘இல்லம்’ தடித்தும் வந்தால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம், பலகையை மட்டம் பாருங்கள்.

எழுத்து எழும்பி நிற்கப் பின்னணியை எடுக்கும் வேலை என்றால் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: புள்ளி. இந்தப் பெயரில் ன், ல், ம் என்று மூன்று புள்ளிகள். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே 2.5 மி.மீ. இடைவெளி, பிட் 3 மி.மீ. என்றால் அந்த இடத்தில் பிட் நுழையாது. மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டி, ‘ல்’ தலையில் கொண்டை போட்டதுபோல் நிற்கும். ‘ண’வின் சுழிகளுக்கு உள்ளேயும் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். வெட்டுவதற்கு முன் திரையில் மாதிரி வெட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு சுழியையும் பார்ப்பதே வழி. இடம் போதாவிட்டால் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து 1 மி.மீ. மேலே தூக்கிவிடலாம், யாரும் கவனிக்கப் போவதில்லை. புள்ளியின் விட்டம் அதன் உயரத்தைவிடக் குறையக் கூடாது. பின்னணி 5 மி.மீ. ஆழம் என்றால் 4 மி.மீ. புள்ளி குறுக்கிழையில் உப்புத்தாள் பட்டதுமே ஒடிந்து போகும். ‘இல்லம்’ ‘இலலம’ ஆகிவிட்டால் வீட்டுக்காரர் சிரிக்க மாட்டார்.

தகட்டில் எழுத்து வடிவத்தைக் குடைந்து பின்னால் விளக்குப் போடும் பலகையில் சிக்கல் வேறு. க, எ, வ, ன இவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும். பின்னால் அக்ரிலிக் ஒட்டி அந்தத் துண்டுகளைத் தாங்கலாம், அல்லது 3, 4 மி.மீ. பாலம் விட்டே வரைய வேண்டும். தனித்தனி எழுத்தாக வெட்டிச் சுவரில் ஒட்டுவதென்றால், அதே கோப்பிலிருந்து காகிதத்தில் ஒரு அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டால் ஒட்டுபவர் புள்ளியை எங்கே வைப்பது என்று தேட மாட்டார்.

டிசைன் முடிந்த பிறகு கோப்பை இயந்திர மொழிக்கு மாற்றும் இடத்தில் சேதம் அதிகம். அங்குலத்துக்கான போஸ்ட்-பிராசஸரை (கோப்பை அந்த மொழிக்கு மாற்றும் நிரல்) எடுத்து மி.மீ. இயந்திரத்தில் ஓட்டினால், 600 × 200 பலகை 23.6 × 7.9 மி.மீ. ஆகி, ஒரு மூலையில் தபால்தலையைவிடச் சின்னதாகக் கிறுக்கிவிட்டு நிற்கும். இது சிரிப்போடு போகும். இசட் பூஜ்யம், அதாவது ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பது, அப்படிப் போகாது. மென்பொருளில் பூஜ்யம் பலகையின் மேற்பரப்பு என்று வைத்து, ஆபரேட்டர் பெட்டில் (பலகையை வைக்கும் மேசை) பிட்டைத் தொட்டு பூஜ்யம் எடுத்துவிட்டால், முதல் இறக்கத்திலேயே பிட் 20 மி.மீ. மரத்தையும் துளைத்துக்கொண்டு பெட்டுக்குள் போகும். மாற்றி எடுத்தால் பிட் மரத்துக்கு மேலே காற்றில் வரைந்துகொண்டிருக்கும்; அது பிழைத்தது. கோப்பின் பெயரிலேயே பூஜ்யம் மேலா கீழா, எந்தப் பிட், எத்தனை மி.மீ. என்று எழுதிவைப்பது நல்ல பழக்கம். டிசைன் செய்பவரும் இயந்திரத்தை ஓட்டுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் பட்டறையில் இது கட்டாயம்.

கனத்தை வெர்னியரில் அளந்தே கொடுக்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் என்று வாங்குவது பெரும்பாலும் 18 இருப்பதில்லை. வெளிக்கோட்டை வெட்டி எடுக்கும்போது அரை மி.மீ. குறையோ கூடவோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். செதுக்கல் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டில் 3 மி.மீ. கனத்தில் நாலு டேப் (வெட்டாமல் விடும் சிறு பாலம்) விடாவிட்டால் கடைசிச் சுற்றில் பலகை நகர்ந்து பிட்டில் மாட்டும்.

வேகக் கணக்கும் டிசைனர் கற்க வேண்டியதே. ஏனென்றால் அதையும் கோப்புக்குள் எழுதுவது அவர்தான். ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் 2 பல், ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நொடிக்கணக்கில் 60. நொடிக்கான 60-ஐ நிமிடக் கட்டத்தில் போட்டுவிட்டால் பிட் மரத்தைச் சீவாது, உரசும். தேக்கு கறுத்துப் புகையும், பிட்டின் முனை நீலம் பாயும். ‘மரம் சரியில்லை’ என்பார்கள்.

எந்த மென்பொருள் என்ற கேள்வி எல்லோரும் முதலில் கேட்பது. அதனால்தான் பின்னுக்குத் தள்ளினோம். நம் ஊரில் இன்னும் ஆர்ட்கேம் என்ற பெயர்தான் புழங்குகிறது. பர்மிங்காமைச் சேர்ந்த டெல்கேம் நிறுவனத்தின் மென்பொருள் அது. டெல்கேமை 2014-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-இல் ஆர்ட்கேம் விற்பனையை நிறுத்தியது. அதன் வழிவந்தது இப்போது கார்வ்கோ என்ற பெயரில் கிடைக்கிறது. அதாவது இன்று வகுப்பில் பென்டிரைவில் கொடுக்கப்படும் ஆர்ட்கேம் பெரும்பாலும் பூட்டு உடைத்த பழைய பதிப்பு. அதில் வைரஸ் வரலாம், திடீரென்று திறக்காமல் போகலாம், கேட்க ஆளிருக்காது.

வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ், அஸ்பயர் ஆகியவற்றுக்குச் சோதனைப் பதிப்பு உண்டு. வரையலாம், டூல்பாத் (பிட் ஓடும் பாதை) கணக்கிடலாம், திரையில் வெட்டிப் பார்க்கலாம். சொந்த வேலையின் கோப்பை இயந்திரத்துக்கு எடுக்க மட்டும் முடியாது. கற்பதற்கு அது தடையே இல்லை. பெயர்ப்பலகைக்கும் எழுத்துக்கும் விகார்வ் போதும். புதிதாக உருவம் செய்ய வேண்டியிருந்தால்தான் அஸ்பயர். விகார்வ் டெஸ்க்டாப் பதிப்பில் வேலையின் அளவு 25 × 25 அங்குலத்துக்குள் என்ற கட்டுப்பாடு இருப்பதை வாங்கும் முன் கவனிக்க வேண்டும். 8 × 4 அடி ஷீட் வெட்டும் பட்டறைக்கு அது சரிவராது. கட்டில், அலமாரி போன்ற இணைப்பு வேலைகளுக்கு ஃப்ரீகேட் இலவசமாகக் கிடைக்கிறது. பழகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

இதற்குப் பிறகு 3டிக்கு வரலாம். அங்கேயும் முதலில் கற்க வேண்டியது நேரக் கணக்கு. 7 × 3 அடிக் கதவு என்றால் 2134 × 914 மி.மீ. முழுப் பரப்பிலும் 0.4 மி.மீ. ஸ்டெப்ஓவரில் (கோட்டுக்குக் கோடு இடைவெளி) ஃபினிஷிங், அதாவது கடைசி நுண் ஓட்டம், விட்டால் 2,285 கோடுகள். மொத்த ஓட்டம் 4.9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 4 மீட்டர் போனாலும் 20 மணி நேரம். ஸ்டெப்ஓவரை 0.2 ஆக்கினால் 40 மணி நேரம். இதில் கிடைக்கும் லாபம் என்ன? 3 மி.மீ. பால்நோஸில் (முனை உருண்ட பிட்) 0.4-க்கு மிஞ்சும் வரிமேடு 0.013 மி.மீ.; உப்புத்தாளில் ஒரு கை போட்டால் போய்விடும். அதைக் குறைக்க ஒரு நாள் கரண்டையும் ஆளையும் செலவழிக்கத் தேவையில்லை. அதைவிட, செதுக்கல் இருக்கும் பகுதியைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்து அதற்குள் மட்டும் ஃபினிஷிங் ஓட்டினால் நேரம் பாதியாகக்கூடக் குறையும். வெட்டும் திசை மரத்தின் இழையோடு போகட்டும்.

புகைப்படத்தைப் போட்டால் சிற்பம் வரும் என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும். மென்பொருளுக்கு வெளுப்பு என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம், அவ்வளவுதான் தெரியும். முருகன் படத்தைக் கொடுத்தால் நெற்றித் திருநீறு பட்டையாகப் புடைத்து நிற்கும், கண்மணி குழியாகிவிடும், தலைமுடி முகத்துக்குப் பின்னால் பள்ளத்தில் போய்விடும். ஜேபிஜி படமென்றால் கன்னமெல்லாம் சொரசொரப்பு. அது சாதாரண 8 பிட் (வெட்டும் பிட் அல்ல, கணினியின் bit) படம் என்பதால் உயரத்துக்கு 256 படிகள்தான், 20 மி.மீ. ஆழத்துக்கு நீட்டினால் ஒவ்வொரு படியும் 0.08 மி.மீ., மொழுமொழுப்பான இடத்தில் அது வளையம் வளையமாகக் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, மூன்று அச்சு இயந்திரம் (முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் மட்டும் நகர்வது) மேலிருந்து மட்டுமே பார்க்கும். மாலைக்குப் பின்னால் குடைய அதற்கு வராது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்களில் உளி நுழையும் இடங்களில் பலவற்றை இந்தப் பிட் எட்டவே எட்டாது. உளி பிடித்த கை மென்பொருளுக்கு வந்தால் எங்கே இழை பெயரும், எங்கே ஒடியும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். பயிற்சி நிலையங்கள் ஆசாரிகளைத் தேடிப்போய்ச் சேர்க்கலாம்.

கடைப் பலகை வேலைக்கு வருபவருக்கு இன்னொரு கணக்கும் தேவைப்படும். தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். தமிழ் 250 மி.மீ. என்றால் ஆங்கிலம் 150, மூன்றாவது மொழி 100. இதை எழுத்துருவின் புள்ளி அளவை வைத்துச் செய்தால் தவறும். ஒரே புள்ளி அளவில் ஆங்கிலப் பெரிய எழுத்து பல எழுத்துருக்களில் தமிழின் ‘ப’வைவிட உயரமாக நிற்கும். கோடாக மாற்றிய பிறகு ‘ப’வின் உயரத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தையும் மி.மீ.யில் அளந்து பொருத்த வேண்டும். ‘கி’யின் வளைவையோ ‘ழ’வின் வாலையோ சேர்த்து அளந்தால் தமிழ் பெரிதாக இருப்பதுபோல் கணக்கு காட்டும், பலகையில் சின்னதாகத் தெரியும்.

வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு எங்கள் யோசனை: பணம் கட்டும் முன், பயிற்சி முடிவில் மாணவர் தாமே வரைந்து வெட்டிய பெயர்ப்பலகை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மயிலும் பிள்ளையாரும் வேண்டாம். ‘ழ’வும் ‘ணை’யும் நாலைந்து புள்ளிகளும் உள்ள ஒரு தமிழ்ப் பெயர் போதும். அதைத் திருப்பி, பின்பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
மரச்செதுக்கு, பெயர்ப்பலகைத் தொழிலில் இருக்கும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்.